இரும்பு ஆகாத மண்

ஓரிடத்தில் நிலத்தடி நீர் ஆண்டுக்கு எவ்வளவு நிரம்புகிறது என்ற ஆய்வு தொடங்கி, அதன் முடிவு அறிவிக்கப்படாமல் இருக்கும் காலத்தில், அந்த இடத்தில் புதிதாக நீரிறைக்க எவருக்கும் அனுமதி கொடுக்கலாகாது என்பது விதி. ஆங்கிலத்தில் வந்த அந்தச் சுற்றுநிருபத்தைத் தமிழாக்கியவன் நான். அப்போது என் தலைமயிர் கறுப்பாக இருந்தது. அடுத்த பந்தியில், ஆய்வு எப்போது தொடங்கியதாகக் கொள்ளப்படும் என்ற விளக்கம் இருந்தது. மழைக்கு முன் ஓர் அளவும் மழைக்குப் பின் ஓர் அளவும் ஒரே கோட்டில், ஒரே விதமான முளைகளால் எடுக்கப்பட்டு, இரண்டும் தலைமை அலுவலகத்தால் ஏற்றுக்கொள்ளப்பட்ட பிறகே ஆய்வு தொடங்கியதாகக் கருதப்படும். அதாவது வேலை முடிந்த பிறகுதான் தொடங்கும். அதையும் நான்தான் ஓர் எழுத்துக்கூட நழுவாமல் தமிழாக்கினேன். அப்போது சிரிப்பு வரவில்லை. மொழிபெயர்ப்பவனுக்குச் சிரிக்க நேரம் ஏது?

நிலத்தைத் தோண்டாமல் அதற்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்பதுதான் என் உத்தியோகம். நான்கு இரும்பு முளைகளை ஒரே வரிசையில் மண்ணில் அடிப்போம். வெளியே இருக்கும் இரண்டின் வழியாக மின்சாரத்தைச் செலுத்தி, உள்ளே இருக்கும் இரண்டுக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்று கருவியில் பார்ப்போம். முளைகளைத் தள்ளித் தள்ளி அடிக்க, மின்சாரம் ஆழமாக இறங்கும். உப்புநீர் மின்சாரத்தை வழிமறிக்காது. நன்னீர் நிறைந்த மணல் மறிக்கும். எந்த ஆழத்தில் எவ்வளவு மறிப்பு என்று தெரிந்தால், நன்னீர் எங்கே முடிகிறது, உப்பு எங்கே தொடங்குகிறது என்று கடதாசியில் கோடு கீறிவிடலாம். சொல்லும்போது சுலபமாக இருக்கிறது. உத்தியோகம் பார்த்த காலம் முழுவதும் இதைச் சொல்லித்தான் சம்பளம் வாங்கினேன்.

பனிச்சங்கேணிப் பக்கத்தில் களப்பு என்ற உப்பு ஏரிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் மணல்திட்டில் குடிநீர் எப்படி இருக்கிறது என்று வெளியூர்க்காரர் கேட்பார்கள். இரண்டு புறமும் உப்பு, நடுவில் நன்னீர். மாரி மழை மணலுக்குள் இறங்கி, கீழே இருக்கும் உப்புநீரின் மேல் மிதந்துகொண்டு நிற்கிறது. அதன் வடிவம் அப்பம் மாதிரி. நடு தடிப்பு, ஓரம் மெல்லிசு. மாரியில் அந்த அப்பம் தடிக்கும், கோடையில் மெலியும். மழைக்கு முன் ஒருமுறையும் பின் ஒருமுறையும் அளந்தால், எவ்வளவு தடித்தது என்று தெரியும். அதைவிடக் கூடுதலாக எடுத்தால், ஓரத்தில் இருப்பவரின் கிணறு முதலில் உப்பாகும். பிறகு நடுவில் இருப்பவருடையதும் ஆகும்.

அந்தத் திட்டில் ஒருவர் பவுசர் லொறிகளுக்குத் தண்ணீர் நிரப்புவதற்காக மோட்டார் பூட்ட விண்ணப்பித்திருந்தார். பாசிக்குடா ஹோட்டல்களுக்கு அந்தத் தண்ணீர் போகும். ஊர்க்காரர்தான், கெட்டவரல்ல. கோயில் சடங்குக்குக் கேட்காமலே கைகொடுப்பவர். மாவட்ட நிர்வாகம் நடக்கும் கச்சேரி எங்கள் அலுவலகத்திடம் அபிப்பிராயம் கேட்டது. எனக்கு ஓய்வுக்கு ஓராண்டுகூட மீதியில்லை. கொழும்பிலிருந்து கருவியைத் தருவித்துக்கொண்டு, மழைக்கு முந்திய புரட்டாதி வெயிலில் நானும் எங்கள் தொழில்நுட்ப உத்தியோகத்தரும் போனோம். அவர் காத்தான்குடிக்காரர், எல்லாரும் 'காக்கா' என்று அண்ணன் முறை வைத்துக் கூப்பிடுபவர், நெடுங்காலம் என்னோடு கேபிள் இழுத்தவர். வாய் சும்மா இராது.

அளவுக்கோடு களப்புக் கரையிலிருந்து கடற்கரை வரை ஓர் ஒழுங்கை வழியாகப் போனது. ஒழுங்கையின் ஓரத்தில் ஒரு தோட்டம். மிளகாய், கத்தரி, கீரை, வேலியோரம் கொஞ்சம் கச்சான் கடலை. நடுவில் சீமெந்து வளையம் இறக்கிய கொட்டுக் கிணறு. அந்தத் தோட்டம் ஒரு பெண்ணுடையது. புருஷன் களப்பில் வலை வீசுபவர். அவருக்கு மீன் படும் நாளும் உண்டு, படாத நாளும் உண்டு. கிணறு ஒருநாளும் அவளைக் கைவிட்டதில்லை. வீடு ஓடியது அந்தக் கிணற்றில்தான். பவுசர்க்காரர் மோட்டார் பூட்டக் கேட்ட இடம் அவளுடைய வேலிக்கு அப்பால், கூப்பிடு தூரத்தில் இருந்தது.

புரட்டாதியில் அந்த மணல் வறுத்த அரிசி மாவு போல இருக்கும். முளையை அடித்தால் நிற்கும், ஆனால் மண்ணுக்கும் இரும்புக்கும் தொடுப்பு இராது. மின்சாரம் இறங்காது. அதற்கு உலகம் முழுவதும் ஒரே வைத்தியம்தான்: முளையின் அடியில் கொஞ்சம் உப்புத்தண்ணீர் ஊற்றுவது. நாங்கள் கல்லுப்பைக் கரைத்து ஒரு பிளாஸ்டிக் கானில் கொண்டு போவோம். முளைக்கு ஒரு கோப்பை ஊற்றுவோம். ஒரு வீட்டில் கருவாடு போட வாங்கும் உப்பில் இது ஒரு மூலைக்கும் வராது.

அவள் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன காக்கா, மண்ணுக்கு ஊசி போடுறீங்களா?"

"ஊசியில்ல புள்ள, உப்புத் தண்ணி" என்றார் உத்தியோகத்தர்.

"ஏன், கடல்ல இரிக்கிறது காணாதாமா?"

"காணாதாம். கச்சேரியில சொல்லி விட்டிரிக்கு. இனி நீங்க சோத்துக்கு உப்புப் போடத் தேவல்ல. கிணத்தில அள்ளி உலையில ஊத்தினாச் சரி."

"அப்ப மிளகாயையும் கரைச்சு ஊத்திட்டுப் போங்க காக்கா. எனக்குக் கறிக்கு அரைக்கிற வேலையும் மிச்சம்."

ஒழுங்கையில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். கருவியின் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்த நானும் சிரித்தேன். அறிவித்தல் ஒன்றைக் கிராம சேவகர் அலுவலகப் பலகையில் முறைப்படி ஒட்டியிருந்தேன். மும்மொழியிலும் ஒட்டினேன். அந்தப் பலகைக்கு முன்னால் ஓர் ஆடு கட்டியிருந்தது. வேறு யாரும் வாசித்ததாக எனக்குத் தெரியாது.

நாங்கள் போன சில நாளில் பவுசர்க்காரருக்குத் தற்காலிக அனுமதி கிடைத்தது. ஆய்வு தொடங்கியதாக யாரிடமும் பதிவில்லாததால், விதியை மீறியதாகவும் இல்லை. ஹோட்டல்களில் கூட்டம். மோட்டார் பகலெல்லாம் ஓடியது. மழை இன்னும் வரவில்லை. ஐப்பசி தொடங்கும்போது அந்தப் பெண் எங்கள் அலுவலகத்துக்கு வந்தாள், கையில் ஒரு சோடாப் போத்தலில் தண்ணீர். மேசையில் வைத்தாள்.

"குடிச்சுப் பாருங்க சேர்."

நாக்கில் வைத்தேன். கருவி தேவைப்படவில்லை.

"கீரை எல்லாம் ஓரம் கருகிற்று. கத்தரி பூ விட்டுக் கொட்டுது" என்றாள்.

நான் மோட்டாரைப் பற்றிச் சொன்னேன். அப்பத்தைப் பற்றிச் சொன்னேன். ஒரு கோப்பை உப்புத்தண்ணீர் ஒரு கிணற்றை ஒன்றும் செய்யாது என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். அவள் கணக்கைக் கவனமாகப் பார்த்தாள். பிறகு கேட்டாள்:

"அப்ப ஏன் சேர், நீங்க வந்து போன கையோட உப்பாச்சு?"

"மோட்டர் போட்டதும் அந்தக் கையோடதானே புள்ள."

"மோட்டர் போட்டவர் என்ட புருசனுக்கு மச்சான் முறை. அவர் எங்கட வேலி ஓரத்தில ஆணி அடிக்கல்லயே."

அப்போதுதான் எனக்கு விஷயம் விளங்கியது. மட்டக்களப்பார் வந்தவனை மந்திரத்தால் பாயோடு ஒட்டவைப்பார்கள் என்று நாடெல்லாம் சொல்கிறார்கள். அதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே வளர்ந்தவன் நான். அந்நியர் இருவர் வருகிறார்கள், ஒருவருடைய வேலியோரமாக இரும்பை வரிசையாக மண்ணில் இறக்குகிறார்கள், ஒவ்வொன்றின் அடியிலும் உப்பை ஊற்றுகிறார்கள், உன் கிணறு உப்பாகும் என்று வாயாலும் சொல்லிவிட்டுப் போகிறார்கள். கிணறு உப்பாகிறது. செய்வினை செய்பவன் இதைவிட ஒழுங்காகச் செய்யமாட்டான். நான் பல்கலைக்கழகத்தில் கற்ற முறையும், செய்வினையால் ஒருவன் வீட்டைக் கட்டிவைக்கும் முறையும் வெளிப்பார்வைக்கு ஒன்றாக இருக்கின்றன என்பதை எனக்கு எந்தப் பேராசிரியரும் சொல்லித்தரவில்லை. அந்த ஊரில் பிறந்த எவரும் சொல்லியிருப்பார்கள். கேட்கும்படி சுற்றுநிருபத்தில் இல்லை.

ஊர் சும்மா இருக்கவில்லை. அம்மன் கோயிலில் சடங்கு நடத்தும் கட்டாடியாரை அழைத்து, செய்வினை நீங்க அந்த மண்ணுக்குக் கழிப்புக் கழித்தார்கள். கழித்துக் கட்டிய மண்ணில், வைகாசிச் சடங்கு முடியும் வரை இரும்பு இறக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார் அவர். பிறகு மாரி வந்தது. அந்த ஆண்டு நல்ல மழை. களப்பு நிறைந்து, ஒழுங்கையில் முழங்கால் அளவு தண்ணீர். தையில் வெள்ளம் வடிந்ததும், இரண்டாவது அளவுக்காகக் கருவியை மறுபடி தருவித்துக்கொண்டு போனோம். இரண்டாவது அளவு இல்லாமல் முதலாவது அளவுக்குப் பெறுமதி இல்லை. அது அப்பத்தை ஒருமுறை பார்த்த கதை மட்டும்தான்.

அவள் ஒழுங்கையின் வாயில் நின்றாள். புருஷனும் நின்றார்.

"சேர், வந்த வழியால கிறுகிப் போங்க. இரும்பு இறங்கப்படாது."

உத்தியோகத்தர் கானைக் கீழே வைத்தார். "புள்ள, அண்டைக்கு நான் சொன்னது பகிடி."

"பகிடி எண்டு எங்களுக்குத் தெரியும் காக்கா. மண்ணுக்குத் தெரியுமா?"

அவர் கானைத் தூக்கிக்கொண்டு போய் உப்புத்தண்ணீரைக் களப்பில் ஊற்றிவிட்டு வந்தார். நான் அறிந்த காலத்தில் அப்படி நடந்தது அந்த ஒருமுறைதான்.

கட்டாடியாரைக் கூப்பிடச் சொன்னேன். அவர் தன் முச்சக்கரவண்டியில் வந்தார். சடங்குக் காலம் தவிர்ந்த மற்ற நாளெல்லாம் அவருக்கு அதுதான் தொழில். கண்ணாடியில் ஆசுப்பத்திரிக்குப் போகும் வாடகை எழுதியிருந்தது. வண்டியை அணைக்காமலே பேசினார்.

"கோவிக்கப்படாது சேர். கட்டின மண். இரும்பு ஆகாது."

"மண்வெட்டி போடுறாங்களே" என்றேன்.

"மண்வெட்டி மேலால கிண்டும். முளை உள்ளுக்க இறங்கும். ரெண்டும் ஒண்டா?"

எங்கள் விதிகளிலும் இப்படி ஓர் உபபிரிவு இருக்கிறது. நிலத்தின் மேற்பரப்பைக் குலைக்கும் வேலைக்கு ஒரு படிவம், ஊடுருவும் வேலைக்கு இன்னொரு படிவம். ஆகவே நான் மறுபேச்சுப் பேசவில்லை. தன் விதியைத் தெரிந்து வைத்திருக்கும் ஒருவரோடு பேசுவது எனக்கு எப்போதும் பிடிக்கும். இந்த நாட்டில் அப்படிப்பட்டவர்கள் அருமை.

"சரி, இரும்பு ஆகாது. வேற என்ன ஆகும்?"

அவர் யோசித்தார். வண்டியை அணைத்தார்.

"செம்பு ஆகும். செம்புத் தகட்டிலதானே நாங்களும் எழுதிப் புதைக்கிறம். அது மண்ணுக்குப் பகையில்ல. ஆனா உப்பு ஊத்தேலா."

உப்பு தேவைப்படவில்லை. மழையில் மணல் நனைந்திருந்தது. செம்பு மின்சாரத்துக்கு இரும்பைவிட நல்லதும்கூட. மின்சாரம் இரண்டு முளையில் போகிறது, அளப்பது வேறு இரண்டில். முளை எந்த உலோகம் என்பது கணக்கில் பெரிதாக வராது. அந்த ஒழுங்கையில் நின்ற எல்லாரும் ஒரு மனதாகிவிட்டோம். கட்டாடியாருக்குத் தன் விதி குலையவில்லை. எனக்கு என் அளவு கிடைக்கப்போகிறது.

அந்தப் பெண்தான் கேட்டாள்: "அளந்தா என்ன சேர் நடக்கும்?"

"மழை எவ்வளவு தந்திரிக்கு எண்டு தெரியும். மோட்டர் அதைவிடக் கூட எடுக்குதெண்டா, அதை இவடத்தில இருந்து கழட்டி மேற்கால கொண்டு போகச் சொல்லலாம். அங்கால நிலம் பெரிசு, தாங்கும்."

"சொன்னாக் கழட்டுவாங்களா?"

"விதிப்படி கழட்டத்தான் வேணும்."

"கழட்டினா என்ட கிணறு?"

"இன்னும் ஒரு மாரி போகட்டும். மறுகா திரும்பிரும்."

அவள் தலையாட்டினாள். நான் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

மட்டக்களப்பு நகரில் இடிதாங்கிக் கம்பி விற்கும் கடையில் செம்புக் கம்பிகள் வாங்கி, ஒட்டுவேலைக்காரரிடம் கொடுத்துக் கூராக்கினோம். கருவி எங்கள் கையில் இருந்த வாரத்துக்குள்ளேயே மறுபடி போனோம். கட்டாடியார் முதல் முளைக்கு மஞ்சள் தண்ணீர் தெளித்தார். மற்றவை அவர் தெளிக்காமலே இறங்கின. அவள் அளவு நாடாவின் நுனியைப் பிடித்துக்கொண்டு கடற்கரை வரை வந்தாள். உத்தியோகத்தர் இரண்டாவது முளையில் வாயைத் திறந்தார்.

"புள்ள, இண்டைக்கு ஒண்டும் ஊத்தல்ல. பார்த்துக்கொள்ளுங்க."

"வாயால ஒண்டும் ஊத்தாம இரிந்தாக் காணும் காக்கா."

அன்று பின்னேரம் அலுவலகத்தில் இரண்டு அளவுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தேன். அவளுடைய தோட்டத்துக்குக் கீழே அப்பம் தடித்திருந்தது, ஆனால் அத்தனை மழைக்கு அது போதாது. மோட்டார் இருந்த இடத்துக்கு நேர் கீழே, உப்பு ஒரு புற்று வளர்வது போல மேலெழுந்திருந்தது. மழை கொடுத்ததைவிட மோட்டார் கூட எடுக்கிறது. இதைவிடத் தெளிவான கோட்டை என் உத்தியோக காலத்தில் நான் கீறியதில்லை.

களப் படிவத்தில் முளையின் உலோகம் என்று ஒரு நிரல் இருக்கிறது. "செம்பு" என்று எழுதினேன். அனுப்பினேன்.

இரண்டு நாளில் தலைமை அலுவலகத்திலிருந்து தொலைபேசி. பேசியவர் ஒருகாலம் என்னிடம் பயிற்சி பெற்றவர், இப்போது எனக்கு மேலே இருந்தார். அவரிடமும் குறைசொல்ல ஒன்றுமில்லை. நான் சொல்லிக்கொடுத்ததைத்தான் அவர் செய்தார்.

"சேர், முதல் அளவு இரும்பில, ரெண்டாவது செம்பில. ஒரே விதமான முளை எண்டு விதி இருக்கு."

"முளை என்ன உலோகம் எண்டது கணக்கில வராதெண்டு உங்களுக்கு நான்தான் படிப்பிச்சன்."

"படிப்பிச்சீங்க சேர். கொமிட்டிக்கு நீங்க படிப்பிக்கல்லயே. விலகலுக்கு முன்கூட்டி அனுமதி எடுக்கோணும்."

"முன்கூட்டி எடுத்திருந்தா மழைத்தண்ணி வடிஞ்சிருக்கும்."

"அப்ப பின்னனுமதி கேட்டு எழுதுங்க. காரணம் வேணும். என்னத்தை எழுதப் போறீங்க? கட்டாடியார் ஒத்துக்கொள்ளேல்ல எண்டா?"

"ஓம், அதைத்தான்."

அவர் சிரித்தார். "'உள்ளூர் நிலைமை' எண்டு எழுதுங்க சேர். அதுக்கு ஒரு பெட்டி இருக்கு."

உள்ளூர் நிலைமை என்று எழுதினேன். அதே நாளில் அனுப்பினேன். பதில் வரும் வரை இரண்டாவது அளவு எடுக்கப்படாததாகக் கொள்ளப்படும் என்று எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது. அவள் நாடாவின் நுனியைப் பிடித்தவள். முளை இறங்கியதையும் முள் அசைந்ததையும் கண்ணால் கண்டவள். நடந்த ஒன்றை நடக்கவில்லை என்று ஒரு மனிதருக்கு எப்படி விளங்கப்படுத்துவது? அதற்கான சொற்கள் என்னிடம் இருந்தன. எல்லாமே அலுவலகத்துச் சொற்கள்.

மாசியில் அவள் என்னைத் தொலைபேசியில் அழைத்தாள். மழைத்தண்ணீர் தேங்கி நின்றதால் கிணறு அப்போது பாதி திரும்பியிருந்தது.

"சேர், மிளகாய்க் கண்டு எடுத்து வைச்சிரிக்கன். முழுத் தோட்டத்துக்கும் நடலாம்தானே?"

"முடிவு வர முன்னம் நான் ஒண்டும் சொல்லேலா புள்ள."

"அப்ப முடிவு வரும்."

"வரும்."

அவள் நட்டாள். முழுத் தோட்டத்துக்கும் நட்டாள். "வரும்" என்ற சொல்லை அவள் ஒரு விவசாயி கேட்கும் விதமாகக் கேட்டாள்: பருவத்துக்குள் வரும் என்று. நான் அதை ஓர் உத்தியோகத்தன் சொல்லும் விதமாகச் சொன்னேன். நடாதே என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். உத்தியோகபூர்வமாக எனக்கு அதற்கு அதிகாரம் இல்லைதான். அயல்வீட்டு மனிதனாக ஒரு பெண்ணிடம் சொல்வதற்கு எந்த அதிகாரம் தேவை என்று அந்த நேரம் யோசிக்கவில்லை.

பங்குனியில் கொமிட்டி கூடவில்லை. சித்திரையில் புதுவருட விடுமுறை. பின்னனுமதிக்கான கோவை எந்த மேசையில் இருக்கிறது என்று கிழமைக்கு ஒருமுறை கேட்டேன். ஒவ்வொருமுறையும் அது அடுத்த மேசைக்குப் போயிருந்தது. நான் ஒருபோதும் பார்த்திராத மேசைகளின் பெயர்களெல்லாம் எனக்குப் பாடமாயிற்று. சித்திரை முடிவில் நான் ஓய்வுபெற்றேன். பிரியாவிடைக் கூட்டத்தில் என்னை நடமாடும் விதிக்கோவை என்று புகழ்ந்தார்கள். கைதட்டினார்கள். எனக்குப் பிறகு வந்தவர் நல்ல பிள்ளை, ஆனால் கட்டடப் பக்கம் படித்தவர். கோவையைக் காட்டி விளங்கப்படுத்தினேன். தலையாட்டினார்.

வைகாசியில் மிளகாய் காய்க்கும் நேரம் கிணறு முற்றாக உப்பாகியது. நான் பனிச்சங்கேணிப் பாலத்துக்கு இப்பால் ஒரு தேத்தண்ணிக் கடையில் பவுசர்க்காரரைச் சந்தித்தேன். எனக்கும் சேர்த்து அவர் தேத்தண்ணி சொன்னார்.

"சேர், நான் என்ன களவா எடுக்கிறன்? கடதாசி இரிக்கு. ரெண்டு தரம் புதுப்பிச்சிரிக்கன். மழை ஆருக்கும் பொதுத்தானே."

"உங்கட மச்சான் பெஞ்சாதிட தோட்டம் கருகுது."

"எனக்குத் தெரியாதா? பவுசர் போகக்குள்ள நிற்பாட்டி ரெண்டு பரல் இறக்கிட்டுப் போகச் சொல்லியிரிக்கன். ஒரு சதம் வேணாம். நீங்க அளந்ததில என்ட மோட்டர்தான் பிழை எண்டு வந்தா, நாளைக்கே கழட்டுறன் சேர். அம்மன் மேல சத்தியம். வந்திரிக்கா?"

வரவில்லை. அவர் உண்மையாகத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். சடங்கில் தீ மிதிப்பவர் அம்மன் பெயரைச் சும்மா எடுக்கமாட்டார். என் பெட்டியில் அந்தக் கோட்டின் பிரதி இருந்தது. எடுத்துக் காட்டியிருக்கலாம். ஏற்றுக்கொள்ளப்படாத அளவை வெளியாருக்குக் காட்டலாகாது. ஓய்வுபெற்றவருக்கும் அந்த விதி பொருந்தும். அதுவும் என் தமிழாக்கம்தான்.

அங்கிருந்து தோட்டத்துக்குப் போனேன். பவுசர் ஒழுங்கை வாயிலில் நின்று, குழாயால் பரல் பீப்பாய்களுக்குத் தண்ணீர் இறக்கிக்கொண்டிருந்தது. அவள் இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பாருங்க ஐயா, என்ட கிணத்துத் தண்ணி ரோட்டால வருது" என்றாள்.

இரண்டு பரல் தண்ணீர் அந்தத் தோட்டத்தின் ஒரு மூலைக்குத்தான் காணும். அந்த மூலையில் மட்டும் இலை பச்சையாக இருந்தது. ஆனியில் அந்த மூலையும் போயிற்று. செடிகளைப் பிடுங்கி வேலியோரம் குவித்தார்கள். நிலத்தைப் பவுசர்கள் நிறுத்துவதற்குக் குத்தகைக்குக் கொடுத்தார்கள். லொறி ஏறினால் வளையம் உடையும் என்று கிணற்றின் மேல் கொங்கிறீட் மூடி போட்டார்கள். அவள் பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலில் விரிப்புத் தோய்க்கும் வேலைக்குப் போகத் தொடங்கினாள்.

மாரி ஒன்று வந்து போனது. அதற்குப் பிறகு ஒருநாள் வாழைச்சேனை பஸ் நிலையத்தில் அவளைக் கண்டேன். வேலை முடிந்து வந்துகொண்டிருந்தாள். கைவிரல்கள் சவர்க்காரத்தில் ஊறி வெளிறியிருந்தன. என்னைக் கண்டதும் சிரித்தாள்.

"என்ன ஐயா, நல்லா மெலிஞ்சிட்டீங்க. பென்சன் காணாதா?"

"காணும் புள்ள. சீனி வருத்தம்."

"உப்பைக் குறையுங்க எண்டு உங்களுக்குச் சொல்லல்லயா டொக்டர்?" என்றாள். அவளுக்குப் பக்கத்தில் நின்ற பெண்ணும் சிரித்தாள். கதை அவளுக்கும் தெரிந்திருக்கிறது.

பிறகு கேட்டாள்: "முடிவு வந்ததா?"

"இன்னும் இல்ல."

பஸ் வந்தது. படியில் கால் வைத்தவள் திரும்பிப் பார்த்தாள்.

"வந்தா எனக்குச் சொல்லாதீங்க ஐயா. மறுகா தோட்டம் செய்யோணும் எண்டு நினைச்சிருவன்."

நான் ஓம் என்றேன். உத்தியோகத்தில் இருந்த காலத்தில் பொதுமகன் ஒருவருடைய கோரிக்கைக்கு அவ்வளவு விரைவாக நான் இணங்கியதில்லை.

பதில் வந்தது. பழைய பதவிப் பெயருக்கு அனுப்பப்பட்டு, அலுவலகத்தில் கொஞ்ச நாள் கிடந்து, எனக்குப் பிறகு வந்த பிள்ளை அதை அமிர்தகழியில் என் வீட்டுக்கே கொண்டுவந்து தந்தார். உள்ளூர் நிலைமை கருத்தில் கொள்ளப்பட்டு, செம்பு முளைகளுக்குப் பின்னனுமதி வழங்கப்படுகிறது. இரண்டாவது அளவு ஏற்றுக்கொள்ளப்படுகிறது. ஆய்வு இன்று தொடக்கம் தொடங்கியதாகக் கருதப்படும். மொழி சுத்தமாக இருந்தது. ஓரிடத்திலும் பிழையில்லை. நான் அதை இரண்டு தரம் வாசித்து, மடித்து, உறைக்குள் வைத்தேன். அவளுக்குச் சொல்லவில்லை. வெளியே மாமாங்கக் கோயிலுக்குப் போகிறவர்கள் தெருவை நிறைத்துப் போய்க்கொண்டிருந்தார்கள். பதில் என் கைக்கு வந்தது நான் ஓய்வுபெற்றதற்கு அடுத்த ஆண்டு, ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு முதல்நாள்.